ஆறாம் நாள் தூறல்

ஆவணி மாதப் பிற்பாதியில் வரும் அந்த ஒரு வாரத்தை நம் வயதுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோடை முடிந்துவிட்டது என்று நாள்காட்டி சொல்லும், வெயில் ஒப்புக்கொள்ளாது. மாலையில் மேற்கே மேகம் திரண்டு இரண்டு முறை உறுமிவிட்டுக் கலைந்துவிடும். வானிலை அறிக்கை அந்த வாரத்துக்கென்றே ஒரு வாசகம் வைத்திருக்கிறது: பெரும்பாலும் வறண்ட வானிலை நிலவும், ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யக்கூடும். அன்று வானொலியில் கேட்டோம், இன்று கைப்பேசியில் படிக்கிறோம். வாசகத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை.

நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள். தேதி, எழுந்த நேரம், வெயிலா மழையா, வந்து போனவர்கள், செய்த வேலை. பல வருடங்களாக ஒரு நாளும் விட்டதில்லை. பார்க்காததை எழுதக்கூடாது என்பது ஒன்றுதான் எனக்கு விதி. நேற்று அந்த வாசகத்தைக் குறிப்பில் எழுதும்போது பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது. ஒவ்வொரு ஆவணியிலும் ஏறக்குறைய இப்படித்தான் ஆகிறது. எதற்காக இந்த எரிச்சல் என்று ஒருமுறை வரிசையாக எழுதிவைத்துவிடலாம் என உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. எங்கள் ஊர் மயிலாடுதுறைக்குக் கிழக்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பக்கம். அணை திறந்த செய்தி வந்த பிறகு எங்கள் வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்ட மூன்று வாரமும் ஆகலாம், வராமலும் போகலாம். எங்களுக்குப் பன்னிரண்டு மா நிலம், அதாவது நான்கு ஏக்கர். வீட்டில் நான்கு பேர்: அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா. சித்தப்பாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். தோல் உறை போட்ட வானொலிப் பெட்டி ஒன்று வைத்திருந்தார். உறையில் ஒலி வருவதற்காகச் சிறுசிறு துளைகள் இருக்கும். அந்தத் துளைகளில் மூக்கை வைத்தால் சூடான தோலும் தூசியும் கலந்த ஒரு வாசனை வரும். அதைத் தொட வேறு யாருக்கும் அனுமதியில்லை.

அப்பா வானொலியை நம்பமாட்டார். அவருக்கு மார்கழிக் கர்ப்போட்டம்தான் வானிலை அறிக்கை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மார்கழியின் நடுவில் பதினான்கு நாள் வானத்தைக் கவனிக்க வேண்டும். அந்த ஒவ்வொரு நாளும் ஆனி தொடங்கி வரிசையாக வரும் ஒரு பதினைந்து நாளுக்குச் சமம். அன்று மேகம் ஓடினாலோ தூறல் விழுந்தாலோ அதற்குரிய பதினைந்து நாளில் மழை உண்டு. வானம் வெளுத்துக் கிடந்தால் இல்லை. எங்கள் வீட்டுக் கணக்குப்படி ஆறாம் நாள் ஆவணிப் பிற்பாதிக்கு உரியது.

அந்த வருடம் கர்ப்போட்டம் பார்க்கும் வேலையை அப்பா என்னிடம் கொடுத்தார். என் கையெழுத்து அழகு என்பது ஒரு காரணம், அரையாண்டு விடுமுறை என்பது இன்னொன்று. பழுப்புத் தாள் அட்டை போட்ட நீள நோட்டில் அவரே அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டுத் தந்தார். காலை, நண்பகல், மாலை என்று மூன்று கட்டங்கள். கொல்லையில் ஒரு செங்கல் போட்டு அதன்மேல்தான் நான் நிற்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் எதிரே தென்னை மரத்தின் உச்சி. மேகம் உச்சியின் எந்தப் பக்கமாக எந்தத் திசைக்குப் போகிறது என்று எழுத வேண்டும்.

முதல் மூன்று நாள் நல்ல மேகம். அப்பா மாலையில் நோட்டை வாங்கிப் படித்துவிட்டுத் தலையாட்டுவார். நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றே எழுதினேன். அப்பா என்னைத் திட்டவில்லை. நோட்டை மூடி, அதன் அட்டையைக் கட்டைவிரலால் இரண்டு முறை தேய்த்துவிட்டுப் பரணில் வைத்தார். வானம் வெளுத்தது என் தவறு என்பதுபோல் எனக்கு இருந்தது.

ஆறாம் நாள் விடுமுறையின் கடைசி நாள். அப்பா உறவினர் வீட்டுக் காரியத்துக்காக முதல் பஸ்ஸிலேயே திருப்பனந்தாள் போய்விட்டார். மேற்கு வீட்டு அத்தை தன் மகளுக்கு வளையல் வாங்க மாயவரம் கிளம்பினாள். மயிலாடுதுறையை அப்போது எல்லோரும் மாயவரம் என்றுதான் சொல்வோம். அத்தை எங்களுக்கு உறவில்லை, பக்கத்து வீடு. அவள் கணவர் வெளிநாட்டில் இருந்தார், வயல் வேலையை அவள்தான் பார்த்துக்கொண்டாள். என்னையும் வருகிறாயா என்று கேட்டாள். போனேன். மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ரோஸ்மில்க் குடித்தோம். வானத்தை ஒருமுறைகூட நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்தி சாயும்போது திரும்பினோம். வாசல் ஈரமாக இருந்தது. அம்மா சாயங்காலம் தண்ணீர் தெளித்த ஈரம் அது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் நோட்டை எடுத்து எழுதினேன்: காலை, மேகம் தெற்கே ஓடியது. நண்பகல், சிறு தூறல். மாலை, மேகம். இருட்டிய பிறகு வந்த அப்பா விளக்கடியில் வைத்துப் படித்துவிட்டு, "ஆவணிக்குக் கவலையில்ல" என்றார். அன்று சாப்பாட்டில் இரண்டு முறை அம்மாவைப் பாராட்டினார்.

அதன்பிறகு அந்த நோட்டு வீட்டில் தங்கவில்லை. டீக்கடைக்குப் போனது. பிள்ளையார் கோயில் அரசமரத்தடிக்குப் போனது. என் பெண் எழுதினது என்று அப்பா கட்டத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். மேற்கு வீட்டு அத்தைக்கும் காட்டினார். அவள் குனிந்து பார்த்துவிட்டு, எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று சொன்னதாக அப்பாவே வந்து சொன்னார்.

ஆடி பிறந்தது, அணை திறக்கவில்லை. ஆவணியும் பாதி போனது. நாற்றங்கால் விட்டு நடுவதற்குத் தண்ணீர் இல்லை. அப்பா புழுதி விதைப்புக்கு முடிவுசெய்தார். நிலத்தை ஈரமில்லாமல் உழுது மாவாக்கி, காய்ந்த புழுதியிலேயே விதையைத் தெளித்து மூடிவிட்டு மழைக்குக் காத்திருப்பது. இதில் ஒரு சங்கடம் உண்டு. மழையே இல்லையென்றால் விதை புழுதிக்குள் பத்திரமாகத் தூங்கும். நல்ல மழை பெய்தால் முளைத்து வேர்பிடித்துவிடும். நடுவில் நின்றுபோகும் அரைகுறை மழைதான் ஆபத்து. முளைக்கவைத்துவிட்டுப் போய்விடும், பின்னால் வரும் வெயில் முளையைக் கருக்கிவிடும்.

எங்களிடம் விதை மூன்று மூட்டை. அம்மா நொச்சி இலை போட்டுக் கட்டி வைத்திருந்த நீண்டகாலச் சம்பா. அதைத் தவிர வேறு விதை கிடையாது. பாதியை மட்டும் தெளியுங்கள், பாதி இருக்கட்டும், தண்ணீர் வந்தால் நாற்றுவிட உதவும் என்று அம்மா கேட்டாள். ஒரு வாரம் வறண்ட வானிலை என்று வானொலி சொல்கிறது, அவசரம் வேண்டாம் என்று சித்தப்பா சொன்னார். அப்பா இருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். ஆறாம் நாள் தூறியிருக்கிறது, இந்தப் பதினைந்து நாளுக்குள் மழை உண்டு. மூன்று மூட்டையும் போகிறது.

அன்று மாலையே சித்தப்பாவிடம் போனேன். வானொலியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஆறாம் நாள் நான் பார்க்காமலே எழுதினேன், அப்பாவிடம் நீங்கள் சொல்லுங்கள் என்றேன். தன் பக்கத்துக்கு ஒரு ஆதாரம் கிடைத்தது என்று சந்தோஷப்படுவார் என நினைத்தேன்.

"நீ நெஜத்த எழுதியிருந்தா மட்டும் மழை வந்துடுமா?" என்றார் சித்தப்பா. "அந்த நோட்டுல பொய்யும் ஒண்ணுதான், நெஜமும் ஒண்ணுதான். இத போய் அண்ணங்கிட்ட சொன்னா, அப்ப நெஜமா எழுதியிருந்தா பலிக்கும்னு நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

அவர் சொன்னதில் எங்கே தவறு என்று அன்று எனக்குத் தெரியவில்லை. இன்று தெரியும். அவருக்கு அண்ணனை அறிவியலால்தான் ஜெயிக்க வேண்டும். மூன்று மூட்டை விதை அவருக்கு இரண்டாவது விஷயம்.

அடுத்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா நோட்டைப் படித்ததில்லை. விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "ஆமா, அன்னிக்கு நீ மாயவரம் போயிருந்தேல்ல" என்றாள். அடுப்புப் பக்கம் திரும்பி, கொதிக்கும் உலையில் அரிசியைப் போட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "ஊரு முழுக்க அந்த நோட்ட காட்டி வச்சிருக்காரு. நம்ம தெருவுல நாலு வீட்டுல புழுதி ஓட்டிட்டாங்க. இப்ப போயி இல்லேன்னு சொன்னா அவரு எப்படி டீக்கடைப் பக்கம் போவாரு? நீ வாயத் தொறக்காத. நான் விதைய வேற விதமா கேட்டுப் பாக்கறேன்."

கேட்டுப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

விதைத்த அன்று காலை ஏழு மணிக்கெல்லாம் வெயில் முதுகைச் சுட்டது. புழுதி கணுக்கால்வரை புதைந்தது, மேலே சூடு, அடியில் வெதுவெதுப்பு. அப்பா இடுப்பில் ஓலைப்பெட்டியை அணைத்தபடி வீசி வீசித் தெளித்துக்கொண்டு போனார். விதை விழும்போது காய்ந்த இலைமேல் மணல் கொட்டும் சத்தம். அடுத்த வயலில் மேற்கு வீட்டு அத்தையும் ஆள் வைத்துத் தெளித்துக்கொண்டிருந்தாள். முதல் மூட்டை முடிந்து இரண்டாவதைப் பிரித்தார்கள். மூன்றாவது வரப்பில் கட்டுப் பிரிக்காமல் இருந்தது. அதைப் பார்த்ததும் இனி யாரையும் நம்பிப் பயனில்லை என்று அப்பாவின் பக்கத்தில் நடந்துகொண்டே சொன்னேன்.

"அப்பா, ஆறாம் நாள் நான் பாக்கலப்பா. மாயவரம் போயிருந்தேன். சும்மா எழுதிட்டேன்."

அப்பா நடையை நிறுத்தவில்லை. ஒரு கை விதை வீசினார். இன்னொரு கை.

"நான் பாத்தேன்" என்றார்.

"நீங்க அன்னிக்கு திருப்பனந்தாள்..."

"நான் பாத்தேன்னு சொல்றேன்ல. தூறுச்சு. போயி அம்மாட்ட மோர் வாங்கிட்டு வா."

வரப்பில் ஏறி வீட்டுக்கு நடந்தேன். அழுகை வரவில்லை. என் பொய்யை அவர் என்னிடமிருந்து பிடுங்கித் தன்னுடையதாக்கிக்கொண்டார், அதைத் திரும்ப வாங்க எனக்கு வழியில்லை. மோரோடு திரும்பியபோது மூன்றாவது மூட்டை பிரிந்திருந்தது.

வானொலி ஒவ்வொரு மாலையும் அதே வாசகத்தைச் சொன்னது. வறண்ட வானிலை. ஓரிரு இடங்களில் லேசான மழை. சித்தப்பா முதல் பாதியை மட்டும் அழுத்தித் திருப்பிச் சொல்வார். நான் ஒவ்வொரு நாளும் மழை வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். மழையே இல்லாவிட்டால் விதையும் பிழைக்கும், நோட்டும் பொய் என்று தானாகவே ஆகிவிடும்.

ஐந்தாம் நாள் பிற்பகல் மேற்கே கறுத்தது. முதலில் காற்று, அதில் சருகும் வைக்கோல் துரும்பும். பிறகு புழுதியின்மேல் பெரிய பெரிய துளிகள், ஒவ்வொன்றும் அம்மைத் தழும்புபோல் ஒரு குழி. தெருவே வெளியில் வந்து நின்றது. நனைந்த மண் வாசனையில் எனக்கே ஒரு கணம் மகிழ்ச்சி வந்தது, அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. காப்பி போட்டு ஆற்றும் நேரம்தான் பெய்தது. நின்றுவிட்டது. மூன்று கிலோமீட்டரில் இருந்த அடுத்த ஊரில் ஒரு துளி இல்லை. அந்த ஓரிரு இடங்களில் ஒன்று எங்கள் ஊர்.

அப்பா துண்டால் மூடி நோட்டைத் தெருவுக்கு எடுத்துவந்தார். பக்கத்தைத் திறந்து காட்டினார். ஆளாளுக்கு என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்கள். நானும் சொன்னேனே, ஓரிரு இடங்களில் என்று வானொலியில் வந்ததே என்று சித்தப்பா ஒவ்வொருவரிடமும் சொன்னார். அவர் அந்தப் பாதியைத் திருப்பிச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. ஆக எல்லோர் கணக்கும் சரியாகிவிட்டது. வயலில் விரலை விட்டுப் பார்த்தது அம்மா மட்டும்தான். ஈரம் விரலின் முதல் கணுவரைகூட இல்லை.

மழை பெய்த நான்காம் நாள் வயல் பச்சை கட்டியது. ஊசி ஊசியாக முளை, காலை வெயிலில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஒன்பது நாள் வானம் வாயைத் திறக்கவில்லை. நான்கு நாளில் நுனி மஞ்சளானது. ஆறு நாளில் மண் ஓட்டுத் துண்டுகளாக வெடித்து முளைகளைப் பிடித்து இழுத்தது. அம்மாவும் நானும் குட்டையில் குடம் குடமாக முகந்து வடக்கு மூலையில் ஊற்றினோம். நான்கு ஏக்கருக்கு ஆளுக்கு ஒரு குடம். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள் என்று தெரிந்தும் ஊற்றினோம். மேலே ஊற்றிய தண்ணீர் வெடிப்பில் இறங்கி எங்கோ போனது. அப்பா தினமும் வரப்பில் நின்று நாளை வரும் என்றார். ஒன்பதாம் நாள் ஒரு முளையைக் கிள்ளினேன். தூளாகக் கையோடு வந்தது.

வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஒரு இடம் கிடைத்திருக்கும். நோட்டில் மழை என்று இருந்தது, மழை வந்தது, அளவு மட்டும் பகவான் கையில் என்று அப்பா டீக்கடையில் சொன்னார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் மேற்கு வீட்டு அத்தை எங்கள் கொல்லைக்கு வந்தாள். அம்மா இல்லாத நேரம். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"பாப்பா, ஏழாம் நாளு என்ன எழுதியிருக்கே? எங்கிட்ட அரை மூட்டை மிச்சமிருக்கு. இப்ப தெளிச்சிடவா, தண்ணி வரட்டும்னு வைக்கவா?"

சாம்பல் கையோடு நிமிர்ந்தேன். இந்த ஒருத்தியையாவது தப்பிக்கவைக்க வேண்டும் என்று தோன்றியது. "அத்தை, ஆறாம் நாளே பொய். அன்னிக்கு நான் ஊர்லயே இல்ல."

"தெரியுமே" என்றாள் அத்தை. "நான்தானே கூட்டிட்டுப் போனேன். ரெண்டாவது டம்ளர் வேணும்னு அடம் புடிச்சியே."

கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன். பிறகு கேட்டேன். "தெரிஞ்சுமா விதைச்சீங்க?"

"உங்கப்பா விதைச்சாரு, மத்தவங்களும் விதைச்சாங்க. நாலு வயலுக்கு நடுவுல என் வயலு மட்டும் சும்மா கெடந்தா, எல்லா எலியும் ஆடும் என் வயலு வழியாத்தான் அவங்க வயல்ல எறங்கும். அப்புறம் நான் ஆள் கேக்கும்போது ஒருத்தி வருவாளா? அதான் நானும் தெளிச்சேன். முழுசா தெளிக்கல, அரை மூட்டைய வச்சுக்கிட்டேன்."

"அப்பாட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீதான் வயல்ல வச்சு சொன்னியே. என் காதுலயும் விழுந்துச்சு. என்ன ஆச்சு?"

ஏழாம் நாள் என்ன எழுதினேன் என்று மறுபடி கேட்டாள். ஏழாம் நாள் செங்கல்மேல் நின்று நான் உண்மையாகப் பார்த்த நாள். பள்ளிக்கூடம் போகும் முன்னும் வந்த பின்னும் பார்த்தேன். வானம் வெளுப்பு, மேகம் இல்லை என்று சொன்னேன். அப்படியானால் வைத்துக்கொள்கிறேன் என்று எழுந்து போனாள்.

ஏழாம் நாளுக்கு உரிய புரட்டாசி முதல் பாதியில் இரண்டு பெரிய மழை பெய்தது. தெளித்திருந்தால் பிடித்திருக்கும். நான் இதை மறைக்க விரும்பவில்லை. பார்க்காமல் எழுதியது பலித்தது, பார்த்து எழுதியது பொய்த்தது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை. ஆனால் அந்த மழையை ஒட்டியே வாய்க்காலில் தண்ணீரும் வந்தது. அத்தை அரை மூட்டையை நாற்றுவிட்டாள். அதில் தன் வயலுக்குப் போக மீந்த நாற்றை, கேட்காமலே, எங்கள் களத்துமேட்டில் இறக்கிவிட்டுப் போனாள். அம்மா அந்த நாற்று முடிகளைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் ஒவ்வொன்றாகத் தூக்கி வரப்பில் அடுக்கினாள். நான்கு மாவுக்குத்தான் போதுமானதாக இருந்தது. மீதி எட்டு மாவில் அந்த வருடம் முழுக்கக் கோரையும் ஆடுகளும்.

அடுத்த மார்கழியில் அப்பா அதே நோட்டில் புதுக் கட்டம் போட்டுக் கொண்டுவந்தார். மாட்டேன் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. படிப்புக் கெடும் என்று அம்மா எனக்காகச் சொன்னாள்.

பல வருடம் கழித்து, நிலத்தைக் குத்தகைக்கு விட்ட நாளன்று இந்தப் பேச்சை எடுத்தேன். அப்பாவுக்கு எழுபது தாண்டியிருந்தது. ஆள் வந்து பேசி முடித்துப் போயிருந்தான், கூடத்தில் நானும் அவரும் மட்டும். கோபப்படக்கூடாது என்று முன்கூட்டியே தீர்மானித்திருந்தேன். நான் மாயவரம் போனது, அவர் திருப்பனந்தாள் போனது, வாசல் ஈரம், வயலில் நான் சொன்னது, அவர் சொன்னது. ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"மழை பெஞ்சுச்சா இல்லியா?" என்றார்.

"பெஞ்சுச்சுப்பா. ஆனா..."

"அப்புறம் என்ன?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். எட்டு மா சும்மா கிடந்ததைப் பற்றி நான் சொல்ல ஆரம்பித்திருந்தேன். அவர் வாசலைத் தாண்டி, செருப்பு மாட்டி, தெருவில் இறங்கிவிட்டார்.